பதினேழாம் எண் பொடி

அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் அவளுக்குத் தட்டம்மா என்று பேர். வைத்தது யார் என்று இப்போது யாருக்கும் தெரியாது. எப்போதோ படித்து முடித்துப் போன ஏதோ ஒரு மாணவர் கூட்டம். காலை முதல் மாலை வரை பிளாஸ்டிக் தட்டுகளோடு குடித்தனம் நடத்துகிறவளுக்கு வேறென்ன பேர் வைப்பார்கள்? அம்மை நோய் மாதிரி இருக்கிறதே என்று புதிதாக வந்த ஒருத்தி தயங்கியபோது, "அம்மை மூணு வாரத்துல போயிடும், நான் போக மாட்டேன்" என்றாள் தட்டம்மா. அந்தக் கூடத்தில் அவள் சொன்ன நீளமான நகைச்சுவை அதுதான்.

இருபத்தாறு வருஷமாக அவள் வளர்ப்பது ஒரு வகை வெள்ளணு. உடம்புக்குள் வேண்டாத விருந்தாளி யாராவது நுழைந்தால் முதலில் ஓடிப்போய் அதை அப்படியே விழுங்குகிற செல்கள். சாப்பாட்டு ராமன்கள் என்றுதான் அவள் சொல்லுவாள். விழுங்குவதோடு நின்றால் பரவாயில்லை, ஊரைக் கூட்டிக் கூச்சலும் போடும். அந்தக் கூச்சல்தான் வீக்கம், சிவப்பு, சூடு, வலி எல்லாம். அதுவும் வேண்டியதுதான். ஆனால் சிலர் உடம்பில் திருடன் போன பிறகும் நாய் குரைத்துக்கொண்டே இருக்கும். அப்போது மூட்டு வீங்கும், விரல் கோணும். அந்தக் குரைப்பை அடக்க ஏதாவது செடிகொடியில் மருந்து உண்டா என்று தேடுவது பேராசிரியரின் வேலை. தேடுவதற்குச் செல்களை உயிரோடு வைத்திருப்பது இவளுடைய வேலை.

இரண்டு நாளைக்கு ஒரு முறை அவற்றுக்குத் தீனி வைக்க வேண்டும். தீனி என்றால் ரோஸ் நிறத்தில் ஒரு திரவம், மீடியம் என்பார்கள். அது மஞ்சளாகத் திரும்பினால் செல்கள் பசியில் இருக்கின்றன என்று அர்த்தம். செல்களுக்கு விடுமுறை நாள் தெரியாது. அதனால் அவளுக்கும் விடுமுறை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கட்டடம் முழுக்க ஆளில்லாமல் கிடக்கும்போது அவள் மட்டும் கையுறை மாட்டிக்கொண்டு, காற்று ஓடும் கண்ணாடிக் கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு தட்டாகத் திறந்து பழையதை உறிஞ்சிப் புதியதை ஊற்றுவாள். பிறகு பத்து நிமிஷம் நடந்து வீட்டுக்குப் போவாள். மூன்றாம் மாடியில் ஒரு அறை, ஒரு சமையலறை, ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு எதிரே இன்னொரு கட்டடத்தின் சுவர்.

ஆனால் இரண்டரை வருஷமாக அவளுடைய ஞாயிற்றுக்கிழமைக்கு நாலு மணி என்று ஒன்று இருந்தது. நாலு மணிக்கு ஃபோன் அடிக்கும். அக்கா பேசுவாள்.

அதற்கு முன்னால் ஒன்பது வருஷம் அக்கா பேசவில்லை. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பதினோராவது நாள் காலை, இவளுடைய முறை. ஆறரை மணிக்கு இவள் எழுந்து, "ஒரு மணி நேரத்துல வந்துடறேன், தட்டெல்லாம் மஞ்சளாயிருக்கும்" என்று அக்காவை எழுப்பி உட்கார வைத்துவிட்டுப் போனாள். ஒரு மணி பத்து நிமிஷத்தில் திரும்பி வந்தாள். அதற்குள் அம்மாவின் முகத்தை மூடியிருந்தார்கள். அக்கா அழவில்லை, சத்தமும் போடவில்லை. "உனக்குச் சொந்தம் அந்தத் தட்டுல இருக்கிறதுதான். அதுங்களையே பாத்துக்கோ" என்றாள். சொன்னவள் சொன்ன சொல்லையும் கேட்டவள் கேட்ட சொல்லையும் ஒன்பது வருஷம் பொத்திப் பொத்திக் காப்பாற்றினார்கள்.

பேச வைத்தது ஒரு வேர்.

வேலியோரங்களில் தானாக முளைத்துப் படரும் ஒரு கொடி. இலை கசக்கும், வேர் அதைவிடக் கசக்கும். அந்த வேரிலிருந்து கீழ்த்தளத்து வேதியியல்காரர்கள் நாற்பது பொருட்களைத் தனித்தனியாகப் பிரித்து, எண் ஒட்டி, சின்னச் சின்னக் குப்பிகளில் அனுப்பினார்கள். தட்டம்மா ஒவ்வொன்றையும் செல்களோடு சேர்த்துப் பார்த்தாள். ஒரு தட்டைச் சும்மா விடுவாள். ஒரு தட்டை, பாக்டீரியாவின் மேல்தோலிலிருந்து எடுத்த ஒரு பொருளால் சீண்டுவாள், செல்கள் கூச்சல் போடும். மூன்றாவது தட்டில் சீண்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வேர்ப்பொருளை ஊற்றி வைப்பாள். மறுநாள் மூன்றின் திரவத்தையும் எடுத்து, கூச்சலின் அளவை ஒரு கருவியில் பார்ப்பாள். முப்பத்தொன்பது பொருட்கள் ஒன்றும் செய்யவில்லை. வெளிர்மஞ்சள் பொடியான பதினேழாம் எண் மட்டும் கூச்சலைப் பத்திலிருந்து மூன்றுக்கு இறக்கியது.

செய்தித்தாளின் உள்பக்கத்தில் சின்னதாகச் செய்தி வந்தது, பேராசிரியரின் படத்தோடு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு ஃபோன் அடித்தது.

"பேப்பர்ல உங்க சார் படம் போட்டிருக்கான். பின்னால ஒரு முழங்கை தெரியுது. அது உன்னோடதுதானே?"

ஒன்பது வருஷத்துக்குப் பிறகு அக்கா பேசிய முதல் பேச்சு அது.

"என்னோடதுதான்."

"நினைச்சேன். எலும்பும் தோலுமா இருந்துச்சு. சரி, அந்த மருந்து மூட்டு வீக்கத்துக்குக் கேக்குமா?"

அக்காவுக்கு இரண்டு கைகளிலும் மூட்டுவாதம் வந்து நாலு வருஷமாகியிருந்தது. இவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அதிலிருந்து ஞாயிறு தவறியதில்லை. அக்காவின் ஊர் பஸ்ஸில் எட்டு மணி நேரம். அவள் மகளோடும் மாப்பிள்ளையோடும் இருக்கிறாள். யாரும் யாரையும் பார்க்கப் போகவில்லை. ஃபோன்தான்.

"என்னடி, உன் சாப்பாட்டு ராமன்களெல்லாம் சௌக்கியமா?"

"சௌக்கியம். காலையிலதான் தட்டு மாத்தினேன்."

"கொடுத்து வச்சதுங்க. எனக்கு யாரு தட்டு மாத்துறா? மாப்பிள்ளை சாப்பிட்ட தட்டையும் நான்தான் கழுவறேன், இந்தக் கையை வச்சுக்கிட்டு."

"கை எப்படிக்கா இருக்கு?"

"காலையில எந்திரிச்சா ரெண்டும் இறுகிக் கிடக்குது. பல் விளக்கி முடிக்கிறதுக்குள்ள பாதிப் பொழுது போயிடுது. டாக்டர் கொடுக்கிற மாத்திரை வயித்தைப் புரட்டுது. உன் பதினேழு எப்பதான் கடைக்கு வரும்?"

"அக்கா, அது தட்டுல இருக்கிற செல்லுக்குத்தான் வேலை செய்யுது. மனுஷனுக்கு வர்றதுக்குப் பத்து வருஷம் ஆகும். வராமலும் போகலாம்."

"பத்து வருஷத்துல நான் சுவத்துல படமா தொங்குவேன். படத்துக்குக் கை வலிக்காது."

இப்படித்தான் பேச்சு போகும். அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை வராது. அவரவர் வாழ்க்கையைப் பற்றியும் அதிகம் வராது. பதினேழில் தொடங்கிப் பதினேழில் முடியும். தட்டம்மாவுக்கு அது போதுமாக இருந்தது. வெள்ளிக்கிழமையிலிருந்தே சொல்வதற்கு என்ன இருக்கிறது என்று சேர்க்கத் தொடங்கிவிடுவாள். கருவி சொன்ன எண், தட்டில் கண்ட மாற்றம், இன்னொரு பத்திரிகையில் கட்டுரை வரப்போகும் சேதி. ஒன்றும் இல்லாத வாரங்களில் பழையதையே வேறு மாதிரி சொல்லுவாள். பதினேழு இல்லாவிட்டால் நாலு மணி இல்லை என்பது யாரும் சொல்லாமலே அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஒரு ஞாயிறு அக்கா கேட்டாள். "அந்தக் கொடி எங்க வீட்டுப் பின்பக்கமும் கிடக்குது. மருந்து எதுல இருக்கு, இலையிலயா வேர்லயா?"

"வேர்ல" என்றாள் இவள். கணக்குக் கேட்டால் விடை சொல்கிற மாதிரி சொன்னாள். அன்றைக்குப் பேச்சு நாற்பது நிமிஷம் நீண்டது.

விஷயம் உடைந்தது ஒரு கடிதத்தால். தூரத்து ஊர் ஒன்றில் இருக்கும் இன்னொரு ஆராய்ச்சிக்கூடம் பதினேழை வாங்கிப் போய் மூன்று முறை செய்து பார்த்திருந்தது. அவர்களிடம் கூச்சல் அப்படி ஒன்றும் குறையவில்லை. மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். நாங்கள் எங்கே தவறுகிறோம் என்று தெரியவில்லை, உங்கள் செய்முறையைப் படிப்படியாக எழுதி அனுப்ப முடியுமா என்று.

பேராசிரியர் தட்டம்மாவின் மேசைக்கு வந்தார். "எங்கயோ கோட்டை விடறாங்க. நீங்களே எழுதிக் கொடுங்கம்மா. எதையும் சின்ன விஷயம்னு விட்டுடாதீங்க. மூச்சு விட்டது, இருமினது எல்லாம் எழுதுங்க."

பதினேழை வைத்துத்தான் ஆய்வு மாணவி ஒருத்தி பட்டத்துக்கு எழுதிக்கொண்டிருந்தாள். அவள் எட்டிப் பார்த்து, "தட்டம்மா இருமி நான் பார்த்ததே இல்லை சார்" என்றாள். பேராசிரியர் சிரித்துக்கொண்டே போனார்.

வியாழக்கிழமை மத்தியானம் தட்டம்மா எழுத உட்கார்ந்தாள். சமையல்காரியிடம் உப்பு எவ்வளவு என்று கேட்பது போலத்தான் இதுவும். கை செய்கிறதை மனசு எண்ணியதில்லை. கண்ணை மூடிக் கையைக் காற்றில் நடத்திப் பார்த்துப் பார்த்து எழுதினாள். முதல் படி, இரண்டாவது படி. பதினொன்றாவது படியில் எழுதினாள்: மருந்து சேராத மீடியத்தை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துத் தட்டில் ஊற்றவும். பன்னிரண்டாவது: பதினேழாம் எண் கலந்த மீடியத்தை இன்குபேட்டரின் கீழ் அடுக்கு மூலையில் கால் மணி நேரம் வைத்து எடுத்துத் தட்டில் ஊற்றவும்.

பேனா நின்றது.

இன்குபேட்டர் என்பது செல்களை உடம்புச் சூட்டிலேயே வைத்திருக்கும் பெட்டி. ஆறு வருஷத்துக்கு முன்னால் மீடியம் பாட்டில்களை வெந்நீர்த் தொட்டியில் வைத்துச் சூடாக்கும் வழக்கம் இருந்தது. தொட்டியில் பூஞ்சை பிடித்து, ஒரு மாத வேலை மொத்தமும் நாசமானது. இனி எந்த பாட்டிலும் தொட்டிப் பக்கம் போகக்கூடாது, ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து அப்படியே ஊற்றினால் போதும் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அப்படியேதான். பதினேழு மட்டும் முரண்டு பிடித்தது. குளிர்ந்த மீடியத்தில் கலந்தால் கரையாமல் மணல் மாதிரி அடியில் தங்கிவிடும். நாற்பதில் அது ஒன்றுக்குத்தான் அந்தக் குணம். அதனால் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். சின்னக் குழாயில் கலந்து, இன்குபேட்டர் மூலையில் கால் மணி நேரம். தெளிந்துவிடும். யாரிடமும் மறைக்கவில்லை. யாரிடமும் சொல்லவுமில்லை. சொல்ல என்ன இருக்கிறது, கட்டி தட்டினால் சூடு காட்டுகிறோம்.

நாற்பதில் ஒன்றுக்குத்தான் சூடு காட்டினாள். நாற்பதில் அந்த ஒன்றுதான் கூச்சலை அடக்கியது.

அவள் தாளைக் கவிழ்த்து வைத்தாள். எதிரே மாணவி காதில் பாட்டு மாட்டிக்கொண்டு மூன்றாம் அத்தியாயத்தைக் கணினியில் அடித்துக்கொண்டிருந்தாள். கையெட்டும் தூரம். தட்டம்மா அவளைக் கூப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஆறு தட்டுகள் எடுத்தாள். எதிலும் பதினேழு இல்லை. மூன்றில் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த மீடியத்தை நேராக ஊற்றினாள், மூன்றில் கால் மணி நேரம் சூடு காட்டியதை ஊற்றினாள். ஆறையும் ஒரே மாதிரி சீண்டினாள். சனிக்கிழமை கருவியின் முன் நின்றாள். குளிர்ந்த மூன்றும் பத்தைத் தொட்டன. சூடு காட்டிய மூன்றும் நாலுக்குப் பக்கத்தில் நின்றன. எந்த வேரும் இல்லாமல், எந்தப் பொடியும் இல்லாமல்.

செல்கள் உடம்புச் சூட்டில் சுகமாகப் படுத்திருக்கின்றன. திடுமென்று குளிர்ந்த தண்ணீரைத் தலையில் கொட்டிவிட்டு, அது அடங்குவதற்குள் சீண்டியும் விட்டால் இரண்டு மடங்கு கத்தாமல் என்ன செய்யும்? இரண்டரை வருஷமாக மருந்தை அளக்கிறோம் என்று நினைத்து வெந்நீரை அளந்திருக்கிறாள். அந்தத் தூரத்து ஊர்க்காரர்கள் எல்லாவற்றையுமே சூடு காட்டித்தான் ஊற்றியிருப்பார்கள். அவர்கள் எங்கேயும் கோட்டை விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு ஃபோன் அடித்தது. எடுக்கும்போதே இன்றைக்கு வேண்டாம் என்று அவள் முடிவு செய்திருந்தாள். முதலில் பேராசிரியரிடம் சொல்ல வேண்டும், அதுதானே முறை. அக்காவுக்கு இன்னும் ஒரு ஞாயிறு இருந்துவிட்டுப் போகட்டும். அக்காவுக்கா தனக்கா என்று அவள் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

"ஏய், ஒரு சேதி சொல்றேன், திட்டாத" என்றாள் அக்கா. குரலில் திருவிளையாடல் செய்துவிட்ட குழந்தையின் சிரிப்பு. "மாத்திரையை நிறுத்திட்டேன்."

"எந்த மாத்திரைய?"

"டாக்டர் மாத்திரையத்தான். பன்னெண்டு நாள் ஆச்சு. மாப்பிள்ளைகிட்டச் சொல்லிப் பின்பக்கத்துக் கொடியை வேரோட தோண்டி எடுத்தாச்சு. தினம் காலையில கொதிக்க வச்சு ஒரு டம்ளர். கசப்புன்னா கசப்பு, அப்பா, உன் வாயை விடக் கசப்பு. ஆனா வயித்துப் புரட்டல் நின்னு போச்சு. கையும் பரவாயில்ல. என் மக கத்துறா, நீங்களா டாக்டர்னு. நான் சொன்னேன், என் தங்கச்சி கையால செஞ்சு பாத்த மருந்துடி, அவ ஒண்ணு சொன்னா சரியா இருக்கும்னு."

அவ ஒண்ணு சொன்னா சரியா இருக்கும். அக்கா தன்னைப் பற்றி அப்படிச் சொல்லி அவள் கேட்டது, நினைவு தெரிந்து அதுதான் முதல் தடவை.

"கேக்குதா?"

"கேக்குது" என்றாள். "அக்கா, டாக்டரைக் கேக்காம..."

"ஆரம்பிச்சிட்டா. சரி, வாசல்ல ஆள் வந்திருக்காங்க, வைக்கிறேன்."

திங்கட்கிழமை காலை பேராசிரியரின் அறைக்குப் போனாள். வேலை போனாலும் போகும் என்று எண்ணிக்கொண்டுதான் போனாள். ஆனால் அந்தப் பேச்சு வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது.

"சார், பதினேழு அடக்கல. சூடு அடக்கியிருக்கு."

சனிக்கிழமை எண்களை அவர் முன்னால் வைத்தாள். அவர் ஒரு முறை பார்த்தார். மறுபடி முதலிலிருந்து பார்த்தார். வெளியே யாரோ தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு போனார்கள்.

"ஃபிரிட்ஜ்லருந்து நேரா ஊத்தச் சொன்னது நான்தான்" என்றார் கடைசியில்.

"சூடு காட்டினது நான்தான் சார்."

"ரெண்டு பேரும் சேந்துதான் செஞ்சிருக்கோம். பத்திரிகைக்கு நான் எழுதறேன். நீங்க இதை எல்லாம் நோட்டுல தேதி போட்டு எழுதுங்க." பிறகு, அவளைப் பார்க்காமல், "அந்தப் பொண்ணுகிட்ட யார் சொல்றது?" என்றார்.

அவளே சொன்னாள். மாணவி காதிலிருந்து பாட்டைக் கழற்றிவிட்டு முழுக்கக் கேட்டாள். "என் மூணாவது அத்தியாயம் முழுக்க அதுதான்" என்றாள். சிறிது நேரம் கழித்து, "நாலாவதும்" என்றாள். அன்று முழுவதும் தட்டம்மாவோடு அவள் பேசவில்லை. சாயங்காலம் கிளம்பும்போது மட்டும் வாசலில் நின்று, "எல்லாத்தையும் ஒரே சூட்டுல வச்சு முதல்லருந்து செய்யலாம். நாளைக்கே தட்டு போடுவீங்களா?" என்று கேட்டாள். போடுகிறேன் என்றாள் தட்டம்மா.

பேராசிரியரிடம் ஐந்து நிமிஷத்தில் சொன்னது அக்காவிடம் சொல்வதற்கு வாய்க்கு வரவில்லை. திங்கள் இரவு ஃபோனை எடுத்தாள், வைத்தாள். மருந்துக் கடைக்காரர் ஒருவரைத் தெரியும். அவரிடம், மூட்டுவாத மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகும் என்று யாருக்கோ கேட்பது போலக் கேட்டாள். "கொஞ்ச நாள் ஒண்ணும் தெரியாது. பழைய மாத்திரை உடம்புல இருக்கும்ல? அப்புறம் மொத்தமா வந்து அடிக்கும். கோணின மூட்டு நிமிராதும்மா" என்றார் அவர்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஆராய்ச்சிக்கூடத்தின் பின்படிக்கட்டில் உட்கார்ந்து கூப்பிட்டாள். இரண்டரை வருஷத்தில் அவளாகக் கூப்பிடுவது அதுதான் முதல் முறை.

"என்னடி, இன்னைக்கு ஞாயித்துக்கிழமையா? யாராவது செத்துட்டாங்களா?"

"யாரும் சாகல. அக்கா, அந்த வேரைக் குடிக்காத. மாத்திரையப் போட்டுக்கோ. இன்னைக்கே டாக்டர்கிட்டப் போ."

"ஏன்?"

சொன்னாள். குளிர்ந்த மீடியம், சூடான மீடியம், ஆறு தட்டு, பத்து, நாலு. அக்கா படித்தவள் இல்லை, ஆனால் விவரம் புரியாதவள் இல்லை. குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"நீதானே வேர்னு சொன்ன" என்றாள் பிறகு.

"நான்தான் சொன்னேன்."

"எனக்குக் கை நல்லாத்தான் இருக்கு."

"அது பழைய மாத்திரை பண்ற வேலைக்கா. இன்னும் ரெண்டு வாரத்துல அதுவும் போயிடும். அப்புறம் விரல் கோணிடுச்சுன்னா..."

"எப்பத் தெரிஞ்சது உனக்கு?"

அந்தக் கேள்வி வரும் என்று தட்டம்மா எதிர்பார்த்திருக்கவில்லை. பொய் சொல்லியிருக்கலாம்.

"சனிக்கிழமை."

"ஞாயித்துக்கிழமை நான் பேசினேன்."

"ஆமா."

"நான் கொதிக்க வச்சுக் குடிக்கிறேன்னு சொன்னேன். நீ கேட்டுக்கிட்டு இருந்த."

"ஆமா அக்கா."

அந்தப் பக்கம் பாத்திரம் ஒன்றைக் கீழே வைக்கிற சத்தம். "அன்னைக்கும் இப்படித்தான், ஒரு மணி நேரம்னு சொல்லிட்டுப் போன. உன் வார்த்தையை நம்பி நான் உக்காந்திருந்தேன்" என்றாள் அக்கா. கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போன குரலில் சொன்னாள். "சரி, மருந்து இல்லன்னு ஆயிடுச்சு. அப்புறம் பேச என்ன இருக்கு. வை."

வைத்துவிட்டாள். தட்டம்மா படிக்கட்டில் இருந்தபடியே இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து போய், மாணவி கேட்ட தட்டுகளைப் போட்டாள். கை தன் வேலையைத் தானே செய்தது. இருபத்தாறு வருஷத்துக் கை.

புதன்கிழமை அக்கா மகளிடமிருந்து ஃபோனில் மூன்று சொல்லில் ஒரு செய்தி வந்தது: 'மாத்திரை போட்டுட்டாங்க சித்தி.' அவள் அதைச் சாப்பிடும்போது ஒரு முறையும் படுக்கும்போது ஒரு முறையும் எடுத்துப் பார்த்தாள். நல்லது என்று பதில் எழுதினாள்.

ஞாயிறு வந்தது. காலையில் போய்த் தீனி வைத்துவிட்டு வந்தாள். துணி துவைத்தாள். மூன்றரைக்கு டீ போட்டாள். நாலு மணி ஆனது, நாலே கால் ஆனது. ஃபோனில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்தாள், இருந்தது. எதிர்ச் சுவரில் வெயில் மேலே ஏறி ஏறிக் கடைசியில் இல்லாமல் போனது. ஐந்தரைக்கு மேல் அந்த வீட்டில் இருக்க முடியாமல் இறங்கி நடந்தாள். கால் ஆராய்ச்சிக்கூடத்துக்குத்தான் போனது. காவலாளி, "என்னம்மா, காலையிலதான வந்துட்டுப் போனீங்க?" என்றார். எதையோ மறந்துவிட்டேன் என்றாள். உள்ளே போய் இன்குபேட்டர் கதவைத் திறந்து, தட்டுகளைப் பார்த்துவிட்டு, மூடிவிட்டு வந்தாள்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை மாணவியும் அவளும் கருவியின் முன்னால் நின்றார்கள். இந்த முறை எல்லாத் தட்டிலும் ஒரே சூடு. மூன்று தடவை திருப்பித் திருப்பிச் செய்ததன் கடைசித் தடவை அது. சும்மா சீண்டியது ஐந்து என்றால், பதினேழு சேர்த்தது நாலு. மூன்று முறையும் அதே. பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் இல்லாமலும் இல்லை.

மாணவி எண்களைப் பார்த்துக்கொண்டே, "அஞ்சுக்கு நாலு. இதுக்கு எந்தப் பேப்பர்லயும் படம் போட மாட்டாங்க" என்றாள்.

"போட மாட்டாங்க."

"உண்மையான நாலுதானே?"

"உண்மையான நாலு."

"அப்ப எழுதறேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் நாலு மணிக்கு ஃபோன் அடிக்கவில்லை. தட்டம்மா நாலரை வரை பார்த்தாள். பிறகு அவளே கூப்பிட்டாள். ஐந்தாறு முறை அடித்த பின் அக்கா மகள் எடுத்தாள்.

"சித்தி."

"அம்மா என்ன பண்றாங்கம்மா?"

"தூங்கறாங்க சித்தி."

"தூங்கறாங்கன்னு சொல்லச் சொன்னாங்களா?"

பெண் சிரித்துவிட்டாள். "ஆமா சித்தி."

"கை எப்படி இருக்கு?"

"போன வாரம் நல்லா வீங்கிடுச்சு. பட்டன் போட முடியல, நான்தான் போட்டுவிட்டேன். இப்பக் குறையுது. டாக்டர் வேற மாத்திரை மாத்திக் கொடுத்திருக்கார், வயித்தைப் புரட்டலையாம்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பக்கத்துலதான் உக்காந்திருக்காங்க. ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். நீங்க பேசறதா இருந்தா பேசுங்க" என்றாள்.

வெள்ளிக்கிழமையிலிருந்து தட்டம்மா எதையும் சேர்த்து வைத்திருக்கவில்லை. தெரிந்ததைத்தான் சொன்னாள். எல்லாத் தட்டுக்கும் ஒரே சூடு காட்டியதைச் சொன்னாள். ஐந்துக்கு நாலு என்று சொன்னாள். அது மருந்து ஆகாது, ஆனாலும் பொய் இல்லை என்று சொன்னாள். மாணவியின் மூன்றாம் அத்தியாயம் போய் வேறு மூன்றாம் அத்தியாயம் வரப்போவதையும், பேராசிரியர் பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில் இரண்டு பேர் பேரையும் போட்டுத் தவறு எங்களுடையது என்று எழுதியதையும் சொன்னாள். கசப்பு வேரை இன்னும் யாரும் வீட்டில் கொதிக்க வைக்க வேண்டாம் என்று சொன்னாள். நடுநடுவே நிறுத்திப் பார்த்தாள். அந்தப் பக்கம் மின்விசிறி ஓடும் சத்தம் மட்டும் வந்தது. அதையே பதிலாக எடுத்துக்கொண்டு மேலே பேசினாள். சனிக்கிழமையே சொல்லியிருக்க வேண்டும், சொல்ல வாய் வரவில்லை, ஞாயித்துக்கிழமை போயிடுமேன்னு நினைச்சேன் என்பதையும் சொன்னாள்.

சொல்வதற்கு இருந்ததெல்லாம் தீர்ந்தது.

"வேற ஒண்ணும் இல்ல. சும்மாதான் கூப்பிட்டேன்" என்றாள்.

மின்விசிறி ஓடியது. ஒரு நாற்காலி நகர்ந்தது போலிருந்தது.

"சித்தி, அம்மா எழுந்து உள்ள போயிட்டாங்க."

"எப்போ?"

"இப்பத்தான். நீங்க வேற ஒண்ணும் இல்லன்னு சொன்னப்ப."

"அதுவரைக்கும் இருந்தாங்களா?"

"இருந்தாங்க."

தட்டம்மா ஃபோனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு, "அடுத்த ஞாயித்துக்கிழமையும் கூப்பிடறேன்னு அம்மாகிட்டச் சொல்லும்மா" என்றாள்.

"சொன்னா வேண்டாம்னுவாங்க சித்தி. சொல்லாமலே கூப்பிடுங்க."